இளைப்பா, இரைப்பா?

சேலத்தில் நீச்சல் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் அம்மா, ஆஸ்துமா என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "லேசா வீசிங் இருக்கு சார்" என்பார். கூட வந்த பாட்டிக்கு அது இளைப்பு.

ஆஸ்துமா கிரேக்கச் சொல். மேல்மூச்சு வாங்குவதுதான் அதன் பழைய பொருள். ஹோமரின் இலியட் என்ற பழைய கிரேக்கக் காவியத்தில், கல்லடி பட்டுக் கிடக்கும் டிராய் வீரன் ஹெக்டரின் திணறலுக்கு இந்தச் சொல் வருகிறது. நோயின் பெயராக அது நிலைத்தது பிற்பாடு.

தமிழுக்கு வருவோம். ஆஸ்துமாவை இங்கே இளைப்பு என்றும் சொல்கிறோம், இரைப்பு என்றும் சொல்கிறோம். எது பொருத்தம்? இளைப்புக்கு அடிப்படைப் பொருள் களைப்பு, உட்கார்ந்தால் இளைப்பாறிவிடலாம். இரைப்பு அப்படியல்ல. இரைதல் என்றால் ஒலித்தல். கடல் இரைகிறது என்கிறோம், இரைச்சலும் அதே வேர்தான். சுருங்கிய மூச்சுக்குழலில் காற்று எழுப்பும் விசில் ஒலி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் இரைப்பு நோய், சுவாசகாசம் என்ற பெயர்கள் உண்டு. என் ஓட்டு இரைப்புக்குத்தான்.

இந்த வேறுபாடு குளத்தங்கரையில் ரொம்ப முக்கியம். நானூறு மீட்டர் நீந்தியவனுக்கு மூச்சு வாங்கும், சில நிமிடத்தில் அடங்கும். அது இளைப்பு. இரைப்போ, பெரும்பாலும் கரையேறிய பிறகு, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் வலுக்கும். இரைப்பு வந்தவன் துண்டைப் போர்த்திப் படியில் குனிந்து உட்கார்ந்திருப்பான். தோள் ஏறி இறங்கும், வறட்டிருமல் விடாது, முதுகில் காதை வைத்தால் 'கீய்ய்' என்று கேட்கும். அவனைப் போய் "ஸ்டாமினா பத்தல" என்று திரும்பத் தண்ணீரில் இறக்குவது பெரிய தவறு. உடற்பயிற்சியால் வரும் இந்த இரைப்புக்குப் 'பயிற்சி இரைப்பு' என்று பெயர் வைக்கலாம்.

குளத்துக் காற்று ஈரமானது, அதனால் இரைப்புக்காரர்களுக்கு நீச்சல் நல்லது என்பது சரிதான். ஆனால் போட்டிக்காகத் தினமும் மணிக்கணக்கில் நீந்துகிறவர்கள் நிலை வேறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது குளோரமைன்கள் உண்டாகின்றன. நாம் 'குளோரின் வாசனை' என்பது பெரும்பாலும் இதுதான். அதில் ஒரு பகுதி வாயுவாகி, நீந்துபவர் மூச்சிழுக்கும் நீர்மட்டத்திலேயே நிற்கும். கூரை போட்ட குளத்தில் தொல்லை அதிகம், திறந்தவெளியில் குறைவு. ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏற்காட்டில் மார்கழி விடியலில் ஓடினால் வரும் இரைப்புக்குக் காரணம் வேறு, அங்கே குளிர்காற்று.

ரிக் டிமாண்ட் என்ற 16 வயது அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதலில் வந்தும் தங்கத்தை இழந்தார். அவருடைய ஆஸ்துமா மருந்தில் தடைசெய்யப்பட்ட எஃபெட்ரின் இருந்தது. இன்று போட்டியாளர்கள், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரைக் குறித்த அளவுக்குள் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒலி வந்தால், அது குரல்வளை இறுகுவதாக இருக்கலாம்; அதற்கு இன்ஹேலர் உதவாது. அதனால் டாக்டரிடம் வெறுமனே வீசிங் என்று சொல்லாதீர்கள். எப்போது இரைகிறது, தண்ணீரிலா, கரையேறிய பிறகா, மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா என்று சொல்லுங்கள்.