கடல்நாய் ஏற முடியாத பாறை

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கிடக்கும் போத்னியா வளைகுடாவின் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் வயல், தோப்பு போலப் பாறைகளும் சொத்தாக இருந்தன. கடலில் துருத்திக்கொண்டு நிற்கும் வெறும் பாறைகள்தான். அவற்றின் மதிப்பெல்லாம் உயரத்தில் இருந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, கொழுத்த கடல்நாய் ஒன்று வயிற்றைத் தேய்த்தபடி ஏறிப் படுக்கும் உயரம் இருந்தால் வேட்டைக்காரருக்கு அது பொன். அப்படிப்பட்ட பாறைகளுக்கு வரி உண்டு, விற்பனைப் பத்திரம் உண்டு, வாரிசுகளுக்குள் பங்கும் உண்டு.

சில தலைமுறைகள் போனதும் பாறை பயனற்றதாகிவிடும். அது உடைவதுமில்லை, மூழ்குவதுமில்லை. கடல்நாயால் ஏற முடியாத அளவுக்கு நீரைவிட்டு எழுந்து நிற்கும், அவ்வளவுதான். குடும்பம் அதைக் கைவிட்டு, சற்று ஆழத்தில் புதிதாகத் தலைகாட்டும் இன்னொரு பாறையைத் தேடும்.

நாம் வெப்பமானியோடு சேர்த்துப் பெயரை நினைவில் வைத்திருக்கும், ஸ்வீடனின் உப்சாலா நகர வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ், இந்தக் கடல்நாய்ப் பாறைகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். எந்தப் பாறை எந்தக் காலத்தில் வேட்டைக்கு உதவியது என்பது பழைய பத்திரங்களில் இருந்தது. அன்றைய நீர்மட்டம் பாறையின் உச்சியை ஒட்டி இருந்திருக்க வேண்டும். இன்று நீர்மட்டம் அதிலிருந்து எத்தனை அடி கீழே இருக்கிறது என்று அளந்து, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தால் அது இறங்கும் வேகம் கிடைத்துவிடும். நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் என்பது அவர் கண்ட விடை. உண்மையைவிட அதிகம்தான். ஆனால் வேட்டைக்காரரின் பத்திரத்திலிருந்து பூமியின் வேகத்தைக் கறந்தெடுத்த யுக்திக்கு அந்தப் பிழையை மன்னிக்கலாம். வருங்காலத்தார் சரிபார்க்கட்டும் என்று 1731-இல் யெவ்லே நகருக்கு அருகில் லோவ்குருண்ட் தீவின் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கச் செய்தார். அந்தக் கோடு இன்று ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது.

எண்ணை நெருங்கிப் பிடித்த செல்சியஸ், காரணத்தைத் தவறவிட்டார். கடல் வற்றுகிறது என்று நினைத்தார். அப்போது பின்லாந்து ஸ்வீடன் அரசின் ஒரு பகுதி. கடல் குறைகிறது என்ற கருத்து வேதாகமக் காலக்கணக்கை உரசியதால் மதகுருமார் கொதித்தார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரப் பேராயர் யோஹான் புரோவாலியுஸ் 1755-இல் விரிவான மறுப்பே எழுதினார். கடல் குறைகிறதா, இல்லையா என்று சண்டை பல ஆண்டு ஓடியது. இரு தரப்புக்கும் பாறை அசையாதது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

முடிச்சை அவிழ்த்தது எளிய தர்க்கம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு குறைய வேண்டும். ஆனால் வளைகுடாவின் வடக்கே அதிகமாகக் குறைகிறது, தெற்கே போகப்போகக் குறைவாகிறது, டென்மார்க் பக்கம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. தண்ணீர் சாய்ந்து நிற்காது. அப்படியானால் அசைவது தொட்டி. பின்லாந்தில் நில அளவையாளராக இருந்த எஃப்ராயிம் ஓட்டோ ரூனெபெரி 1765-இலேயே நிலம்தான் நகர்கிறது என்ற பக்கம் சாய்ந்தார். புவியியலாளர் சார்லஸ் லையெல் முதலில் இதை நம்பவில்லை. 1834-இல் நேரில் போய்ப் பாறைக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். ஏன் எழுகிறது என்பதற்குச் சரியான விடையை 1865-இல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ஜேமிசன் சொன்னார்: மேலே இருந்த பனியின் பாரம் இறங்கிவிட்டது.

அந்தப் பாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பின்லாந்தும் ஸ்வீடனும் நார்வேயும் ஒரே பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தன. நடுப்பகுதியில் அதன் தடிப்பு 3 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்தின் பாறை, பனியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அடர்த்தியானது. சரக்கு ஏற்றிய தோணி, சரக்கின் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிவிட்டு அமிழ்வதுபோல, 3 கிலோமீட்டர் பனியைத் தாங்கிய மேலோடு அந்தப் பனியின் எடைக்கு ஈடான மூடகப் பாறையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு அமிழ்ந்தது. மூன்றை மூன்றரையால் வகுத்தால் ஏறத்தாழ 850 மீட்டர். இன்றைய ஆய்வுகள் சொல்லும் பள்ளமும் அந்த அளவை ஒட்டியதுதான்.

சரக்கை இறக்கினால் தோணி சட்டென்று மேலே வந்துவிடும். பின்லாந்துக்கு மட்டும் ஏன் பத்தாயிரம் ஆண்டாகியும் போதவில்லை? தோணி மிதப்பது தண்ணீரில் அல்ல என்பதுதான் காரணம். மூடகம் உருகிய குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது திடப்பாறைதான். நிலநடுக்க அலை அதற்குள் திடப்பொருளில் ஓடுவதுபோலவே ஓடுகிறது. தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். அதையே சாய்த்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோனால் ஒரு பக்கமாக வழிந்திருக்கும். அவசரப்படுத்தினால் திடம், பொறுத்திருந்தால் திரவம். மூடகப் பாறைக்கும் அதே குணம், ஆனால் பொறுமை ஆயிரக்கணக்கான ஆண்டு அளவில் வேண்டும். 1935-இல் புவி இயற்பியலாளர் நார்மன் ஹாஸ்கெல் இந்த வளைகுடாவின் பழைய கரைகள் எழுந்த வேகத்தை வைத்து மூடகத்தின் பாகுத்தன்மையை, அதாவது வழிய மறுக்கும் தன்மையை, கணித்தார். கிடைத்த எண் தண்ணீரின் பாகுத்தன்மையைப் போல ஆயிரம் கோடி கோடி கோடி மடங்கு. அந்த மதிப்பைப் புவி இயற்பியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எந்தத் துளைக் கருவியாலும் எட்ட முடியாத ஆழத்தின் இயல்பை இந்தக் கரைகள் சொல்லிக்கொடுத்தன.

பனியின் பாரத்தால் ஒதுங்கிப்போன மூடகப் பாறை இப்போது மெல்லத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தபோது அதன் உந்துதலும் அதிகம்; பனி விலகிய புதிதில் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் எழுந்த நிலம், இன்று வளைகுடாவின் வடபகுதியில் ஆண்டுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் எழுகிறது. கைவிரல் நகம் வளரும் வேகத்தில் நான்கில் ஒரு பங்குகூட இராது. ஹெல்சிங்கியில் அதிலும் பாதிதான்.

மில்லிமீட்டர் என்றதும் அலட்சியமாகத் தோன்றும். அது எப்படி ஊர்களை இடம்பெயர்க்கும் என்பதைப் பின்லாந்தின் வாசா நகரத்தின் பக்கம் வந்தால் பார்க்கலாம். வளைகுடா இடுப்புபோல ஒடுங்கும் இடம் அது. பின்னிஷ் மொழியில் மெரென்குர்க்கு, அதாவது கடலின் தொண்டை, ஸ்வீடிஷில் குவார்க்கன். எதிரே ஸ்வீடன் கரையில் குன்றுகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. அங்கே ஸ்கூலெபெரி குன்றில் இன்றைய கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே பழங்காலக் கடற்கரையின் தடம் இருக்கிறது. உலகில் இவ்வளவு உயரத்துக்கு எழுந்த பனியுகக் கரை வேறெங்கும் இல்லை. பின்லாந்துக் கரையோ பாய் விரித்ததுபோலத் தட்டை. ஒரு கிலோமீட்டர் போனால்தான் ஒரு மீட்டர் ஆழம் கூடும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 8 மில்லிமீட்டர் நிலம் எழுந்தால் கரை 8 மீட்டர் முன்னேறிவிடும். அதனால்தான் குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் புது நிலம் பிறக்கிறது. இரண்டு நாட்டுக் கரைகளையும் சேர்த்து யுனெஸ்கோ ஒரே உலகப் பாரம்பரியக் களமாக வைத்திருக்கிறது. ஸ்வீடன் பகுதி 2000-இல் பட்டியலில் ஏறியது, பின்லாந்துப் பகுதி 2006-இல் சேர்ந்தது.

வாசாவை 1606-இல் மன்னர் ஒன்பதாம் கார்ல் துறைமுக நகரமாக நிறுவினார். கடல் விலக விலகக் கப்பல்கள் ஊருக்குள் வர முடியாமல் போயின. 1852 ஆகஸ்டு 3 அன்று பிடித்த தீயில் மரவீடுகள் நிறைந்த ஊர் ஏறக்குறைய முழுவதும் சாம்பலானது. அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஆனதும், ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் புதுநகரம் எழுந்தது. பழைய வாசாவில் இன்று தூய மரியாள் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் புல்வெளி நடுவே நிற்கின்றன. அந்த வட்டாரத்தின் பெயர் முஸ்தாசாரி. பொருள் கருந்தீவு. சுற்றிலும் தரைதான். பின்லாந்தின் மேற்குக் கரையில் ‘தீவு’, ‘திட்டு’, ‘நீரிணை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வயலுக்கு நடுவே கிடப்பது சகஜம். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது.

வாசா மட்டுமல்ல. கோகெமாகி ஆற்றின் முகத்துவாரத்தில் உல்விலா துறைமுகம் பயனற்றுப் போனதால் 1558-இல் கடல் பக்கம் தள்ளி போரி நகரம் நிறுவப்பட்டது. ஸ்வீடனில் லூலியோ நகரம் பிறந்து முப்பது ஆண்டு முடிவதற்குள், 1649-இல், கடலைத் துரத்திக்கொண்டு நகர்ந்தது.

புதிதாகப் பிறக்கும் நிலம் யாருக்குச் சொந்தம்? என் வீட்டுப் பின்புறம் கடல் இருந்தது, இப்போது பத்து மீட்டர் புல்தரை வந்துவிட்டது, அது எனக்குத்தானே என்று கரைக்காரர் நினைப்பார். பின்லாந்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடலாக இருந்தபோது அந்த நீர்ப்பரப்பு யாருக்குரியதோ, நிலமான பிறகும் அவருக்கே உரியது. பெரும்பாலும் அது கிராமத்தின் பொதுப் பங்காளிகள் குழு. கரைக்காரர் வேண்டுமானால் விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். இந்த நிலத்துக்கு வெசியாத்தோ என்று பெயர். நீர் விட்டுப்போனது என்று பொருள். தாத்தா தண்ணீரை ஒட்டிக் கட்டிய படகுக்கொட்டகை பேரன் காலத்தில் புல்லில் நிற்கும். வாய்க்கால் தோண்டிப் படகை இறக்கலாம், அல்லது முன்னால் போய் இன்னொரு கொட்டகை கட்டலாம்.

நிலம் எழும்போது கடலோரத்தில் நடப்பதை அருகே போய்ப் பார்ப்பது சுவையானது. முதலில் ஒரு சிறு விரிகுடா. வாயிலில் கிடக்கும் மேடு மெல்ல உயர, உள்ளே உப்பங்கழிபோல நீர் தேங்குகிறது. இதை பிளாடா என்கிறார்கள். வாய் இன்னும் ஒடுங்கி, புயல் நாளில் மட்டும் கடல்நீர் உள்ளே வரும் நிலை அடுத்தது. பிறகு அதுவும் நின்று, மழைநீரில் உப்பு கரைந்து நன்னீர் ஏரி, பிறகு நாணல், பிறகு சதுப்பு, பிறகு காடு. குவார்க்கனில் சில கிலோமீட்டர் நடந்தால் இந்தக் கட்டங்கள் எல்லாம் அடுத்தடுத்துக் கண்ணில் படும். ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு கடிகாரமும் கிடைத்திருக்கிறது. ஏரியின் அடியில் குழாயை இறக்கிச் சேற்றை உருவினால், கீழே உவர்நீர் டயட்டம் பாசிகளின் ஓடுகள், மேலே நன்னீர் டயட்டம் ஓடுகள். இரண்டும் மாறும் அந்த மெல்லிய அடுக்குக்குக் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது பார்த்தால், கடலிலிருந்து ஏரி அறுபட்ட காலம் தெரிந்துவிடும். ஏரியின் உயரமும் வயதும் கையில் இருந்தால் செல்சியஸின் கணக்கையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் போடலாம், கடல்நாய்ப் பத்திரம் இல்லாமலே.

எல்லாமே இலவச வரவு அல்ல. பழைய கடலடிச் சேற்றில் கந்தகச் சேர்மங்கள் நிறைந்திருக்கின்றன. நீருக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை சாது. நிலமாக எழுந்து, உழவுக்காக வடிகால் வெட்டியதும் ஆக்சிஜன் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் மண்ணிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும்போது மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. வாசாவைச் சூழ்ந்த போஹ்யன்மா கரையோரம் இதற்குப் பேர்போனது. போதாக்குறைக்கு ஆறுகளின் முகத்துவாரம் தலைப்பகுதியைவிட வேகமாக எழுவதால், ஏற்கெனவே தட்டையான ஆறுகளின் சரிவு இன்னும் குறைந்து வெள்ளம் வடியத் தயங்குகிறது.

நில அளவையாளர்களுக்கு இது ஓயாத தலைவலி. மலை உயரம், பாலத்தின் உயரம் எல்லாம் ஏதோ ஒரு ஆண்டின் கணக்கு. சில பத்தாண்டுகளில் பழசாகிவிடும். பின்லாந்து நாடு முழுவதையும் மூன்று முறை துல்லியமாக மட்டம் பார்த்திருக்கிறது. மூன்றாவது முறை 1978-இல் தொடங்கி 2006-இல்தான் முடிந்தது. 1960-ஐ அடிப்படையாகக் கொண்ட உயரத்துக்கும் 2000-ஐ அடிப்படையாகக் கொண்ட உயரத்துக்கும் சில இடங்களில் 40 சென்டிமீட்டர் வித்தியாசம். இப்போது ஜிபிஎஸ் நிலையங்கள் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடுகின்றன.

நிலம் எழுவது எல்லா இடத்திலும் சீராக இல்லாததால் உள்நாட்டு ஏரிகளும் ஆட்டம் கண்டன. வடமேற்கு வேகமாக எழ, ஏரிகள் தென்கிழக்குப் பக்கம் தளும்பின. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் சாய்மா ஏரி தென்கரையின் மேட்டை உடைத்துக்கொண்டு புதுவழி கண்டது. அப்படிப் பிறந்ததுதான் வுவோக்சி ஆறு. அதற்கும் முன்பே, கடலிலிருந்து சாய்மா அறுபட்டபோது வளையக் கடல்நாய்கள் சில உள்ளே மாட்டிக்கொண்டன. அவற்றின் வம்சம் நன்னீரில் வாழப் பழகி, தனிக் கிளையினமாகி, இன்று சில நூறு விலங்குகளாக அந்த ஏரியில் மட்டும் இருக்கிறது.

குவார்க்கன் தொண்டையின் ஆழம் 25 மீட்டர் அளவில்தான். நிலம் இன்னும் எழ வேண்டியது சுமார் 100 மீட்டர் என்று கணிக்கிறார்கள். புவி சூடேறிக் கடல்மட்டம் உயர்ந்துவருவதால் தெற்கே ஹெல்சிங்கிப் பக்கம் நிலமும் கடலும் ஏறக்குறைய சமமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கடல் முந்தும் நாள் வரலாம். வாசாவில் இன்னும் நிலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அது அப்படியே நீடித்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தொண்டை அடைபட்டு, அதற்கு வடக்கே உள்ள கடல் ஏரியாகிவிடும். பால்டிக் கடலின் வளையக் கடல்நாய்களில் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனிக்கட்டியில் குட்டி போடுவதும் அந்த வடபகுதியில்தான்.