வாடகைத் தகராறா? முதலில் வீட்டின் வயதைக் கேளுங்கள்

கொழும்பில் வாடகைப் பிரச்சினையோடு அலைபவர்களில் பலர், தங்கள் வீடு சட்டத்துக்குள் வருகிறதா என்றே பார்ப்பதில்லை. வாடகையையும் வாடகைக்காரரை வெளியேற்றுவதையும் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1980 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடு அதற்கு வெளியே. அந்தத் திகதியில் உரிமையாளரே குடியிருந்து, பிறகு வாடகைக்கு விட்ட வீடும் வெளியே. வெள்ளவத்தையின் புது அடுக்குமாடியில் இருந்துகொண்டு ‘சட்டம் இருக்கிறது’ என்று வாடகையை நிறுத்தினால் வழக்கில் தோற்பீர்கள். சந்தேகம் இருந்தால் மாநகர சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் வீட்டின் பழைய பதிவைத் தேடுங்கள்.

சட்டத்தை நீக்கு, காப்பாற்று என்று நடக்கும் வாதத்திலும் இந்தத் திகதி மறக்கப்படுகிறது. மாடி மாடியாகப் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுபவரை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. கொட்டாஞ்சேனையில் தகப்பன் விட்டுப்போன ஒரே பழைய வீட்டைச் சொற்ப வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கூரை மாற்றக்கூடப் பணமில்லாமல் இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அவர் வழக்கை இழப்பது பெரும்பாலும் வீட்டை விடும்படி கொடுக்கும் அறிவித்தலில். சாதாரண மாத வாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். அது மாதக் கடைசியில் முடிய வேண்டும். நடுமாதத் திகதி போட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சட்டத்துக்கு உட்பட்ட வீட்டில் இதுவும் போதாது. வாடகை பாக்கி முதல் தடவை என்றால் மூன்று மாத அறிவித்தல். அது முடியுமுன் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் வழக்குப் போட முடியாது. அறிவித்தலுக்குப் பிறகு வாங்கும் பணத்துக்கு ‘வாடகை’ என்று பற்றுச்சீட்டு எழுதாதீர்கள், ‘நட்டஈடு’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் குடியிருப்பைத் தொடர ஒப்புக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

ஆள் இருக்கும் பழைய வீட்டை மலிவாக வாங்கி, ‘எனக்குக் குடியிருக்க வேண்டும்’ என்று எழுப்பலாம் என நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். வாடகைக்காரர் வந்த பிறகு விலைக்கு வாங்கியவருக்கு அந்தக் காரணம் பொதுவாகக் கிடையாது. தரகர் இதைச் சொல்லமாட்டார்.

வாடகைக்காரர்களே, பற்றுச்சீட்டு இல்லாத வாடகை கொடுக்காத வாடகைதான். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் பணத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால் மாநகர சபையில் வைப்பிடலாம். அது வீட்டுக்காரரிடம் கொடுத்ததாகவே கணக்காகும். கருமபீடத்தில் ‘ஒப்பந்தம் கொண்டு வா, அவரைக் கூட்டி வா’ என்று திருப்பி அனுப்பினால், வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு என்று எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். ஒரு மாதமும் தவறக்கூடாது. சட்டத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதும் ‘கீ மணி’ (சாவி கொடுக்க வாங்கும் தனிப்பணம்) கேட்பதும் சட்டவிரோதம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவர் கையெழுத்திட்ட ‘இரண்டு வருட ஒப்பந்தம்’ நீதிமன்றத்தில் மாத வாடகையாகத்தான் நிற்கும். ஒழுங்கான குத்தகை முடிந்தும் போகாதவரை எழுப்ப 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழி தருகிறது.

வீடு எந்த வருடத்தது என்றாலும், பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே போடுவது, தண்ணீரை வெட்டுவது வேண்டாம். அப்படி வெளியேற்றப்பட்டவருக்கு பொலிஸில் ‘இது சிவில் பிரச்சினை’ என்றுதான் பதில் வரும். முறைப்பாட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற (Primary Court) நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நேரே வழக்கிடலாம். ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்தே அந்த நாட்கள் போய்விடுகின்றன. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் பற்றுச்சீட்டுகள், மின் பட்டியல், முறைப்பாட்டுப் பிரதி மூன்றோடும் முதல் வாரத்திலேயே புதுக்கடை சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.