மாதிரியுருவைப் 'போலி' என்று எழுதாதீர்கள்

திருகோணமலைத் துறைமுக வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், பேசுவோர் சிலரிடம் 'போலிப்பொறி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கப்பல் கட்டும் தளங்களில் முற்காலத்தில் மரத்தால் சிறிதாகச் செய்து வைத்த இயந்திர உருக்களை, அதாவது ஆங்கிலத்தார் 'மொடல்' என்பதை, இப்படிப் பெயர்க்கிறார்கள். ஒருமுறை கேட்டால் பொறுக்கலாம். உரைக்கு உரை இதே சொல் வருகிறது.

மொடல் என்பதன் வேர் அளவைக் குறிக்கும் 'மோடுஸ்' என்ற லத்தீன் சொல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டப்போகும் கட்டடத்தின் முன்வடிவம் என்பது அங்கே அதன் பழைய பொருள்களுள் ஒன்று. வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

'போலி'க்காக வாதிடுவோர் சொல்வது எனக்குத் தெரியும். 'போல்' என்ற நல்ல தமிழ் வேர். இலக்கணத்தில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி உண்டு. அங்கே இழிவான பொருள் இல்லை. உண்மைதான். ஆனால் பத்திரிகை படிக்கும் ஒருவருக்குப் போலி என்றால் போலி நாணயத்தாள், போலி வைத்தியர். இலக்கண நூலைத் துணைக்கு அழைத்து, கண்காட்சியில் இந்த உருக்களின் அருகே வைக்கும் விளக்க அட்டையை வாசிக்க எவரும் வருவதில்லை. 'பொறி' இன்னொரு தொல்லை. எலிப்பொறியும் பொறிதானே? இரண்டையும் சேர்த்தால் ஏமாற்றுக் கண்ணி என்ற எண்ணம் வருகிறது.

இதைவிடப் பெரிய பிழை காலவரிசையில் இருக்கிறது. மூலம் முன்னால் இருந்தால்தான் போலி பிறக்கும். இந்த மர உருக்களில் பல, இயந்திரத்துக்கு முன்னால் பிறந்தவை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்காக, பாய்மரக் கப்பலில் கயிறு ஓடும் கப்பிகளைச் செய்யும் இயந்திரங்களை வகுத்த பொறியியலாளர் மார்க் பிரூனல், முதலில் இயங்கும் சிறு உருக்களைக் காட்டித்தான் ஆட்சியாளர்களை இணங்க வைத்தார். அவற்றைச் செய்து கொடுத்தவர் ஹென்றி மோட்ஸ்லி என்ற இயந்திர வினைஞர். அதன் பின்னரே உண்மை இயந்திரங்கள் எழுந்தன. 1808 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 கப்பிகள் அங்கே உருவாயின. வரலாற்றையே நகர்த்திய அந்தச் சிற்றுருவையா போலி என்பது?

சுவீடனின் கார்ல்ஸ்குரூனா கடற்படை நகரில் 1752இல் அரசர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக்கின் ஆணையால் இத்தகைய உருக்களுக்கென ஓர் அறையே அமைந்தது. இன்றைய கடற்படை அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதற்கும் முன்பே கிறிஸ்டோபர் பொல்ஹெம் என்ற பொறியியலாளர், நெம்புகோல், ஆப்பு, திருகு, கப்பி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுற்றுருளை ஆகியவற்றை உயிரெழுத்துகளாக வைத்து, இயக்கங்களுக்கு ஒரு மர நெடுங்கணக்கையே செய்தார். கையால் சுழற்றிப் பார்த்துக் கற்பதற்கான எழுத்துகள் அவை. வரைபடம் படிக்கப் பழகாத தச்சரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளக்கூடிய அறிவு அந்த மரத்துண்டுகளில் இருக்கிறது. கைவினையாளரின் அறிவு இப்படித்தான் தலைமுறை கடந்தது. இந்த உருக்களின் பண்பாட்டு மதிப்பும் இதுதான். 'போலி' என்ற ஒரு சொல் அதை அழித்துவிடுகிறது.

சரி, 'மாதிரி' மட்டும் போதாதா? போதாது. இரத்த மாதிரி, மண் மாதிரி என்று பரிசோதனைக் கூறுகளுக்கு அது போய்விட்டது. 'மர மாதிரி இயந்திரம்' என்றால் மரத்தைப் போன்ற இயந்திரம் என்றும் படிக்கலாம். 'பொம்மை' விளையாட்டுப் பொருளாக்கிவிடும்.

நம் இலங்கைப் பாடநூல்கள் 'மாதிரியுரு' என்ற சொல்லை நெடுங்காலமாகக் கையாள்கின்றன. பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அது புரியும். 'மாதிரி'யை 'மாத்ருகா' என்ற வடசொல்லோடு இணைத்து, ஆகவே ஆகாது என்பார்கள். மலையாளத்தில் 'மாத்ருக' இதே பொருளில் வழங்குவது உண்மை. இருக்கட்டும். தமிழர் நாவில் தேய்ந்து மெருகேறிய சொல்லைத் துரத்திவிட்டுத் தவறான பொருள் தரும் தனித்தமிழைக் குடியேற்றுவது மொழித்தொண்டு ஆகாது.

மொழிபெயர்ப்போர் பொருளைப் பாராமல் அகராதியை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது. கப்பியைத் தெரியாதவர் கப்பி இயந்திரத்தைப் பெயர்க்கிறார். 'இழுவைச் சக்கர அமைப்பு' என்று எழுதுகிறார். திருகோணமலைக் கடற்கரையில் வலையிழுக்கும் எவரைக் கேட்டாலும் ஒரு நொடியில் 'கப்பி' என்பார்.

அட்டை எழுதுவோர் இப்படி எழுதலாம்: 'கப்பி செய்யும் இயந்திரத்தின் மாதிரியுரு'. சுழன்று வேலை செய்வதாயின் 'இயங்கும் மாதிரியுரு'. கட்டி முடித்த இயந்திரத்தைப் பார்த்துப் பின்னால் செய்தது என்றால் மட்டும் 'நகலுரு'.