சர்வர் அறையில் மூவர்: அரசு நெட்வொர்க் வேலையில் யாருக்கு என்ன உரிமை?

கலெக்டர் அலுவலகத்தில் காலை பத்தரைக்குத் தலைமைச் செயலகத்தோடு காணொலிக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்து இருபதுக்கு இணைப்பு போய்விடுகிறது. சர்வர் அறைக்கு மூன்று பேர் ஓடுகிறார்கள். ஒருவர் மத்திய அரசின் தேசிய தகவலியல் மைய அதிகாரி, என்.ஐ.சி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இரண்டாமவர் மாநில மின்னாளுமை முகமையின் மின் மாவட்ட மேலாளர், அதாவது இ-டிஸ்ட்ரிக்ட் மேனேஜர். மூன்றாமவர் ரேக்குக்குப் பின்னால் குனிந்து கேபிளைப் பிடுங்கிச் சொருகுகிறவர். நாற்பது வயதானாலும் அவருக்குப் பெயர் 'ஏஜென்சி பையன்'.

மூவரும் பார்ப்பது நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஒரே சுவிட்சைத்தான். ஆனால் அடுத்த மாதம் ஒருவருக்கு வீட்டில் பிரசவம், இன்னொருவருக்கு அறுவை சிகிச்சை என்று வரும்போதுதான் மூவரும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் நிற்பது தெரியவரும். அதனால் 'அரசாங்கத்தில் நெட்வொர்க் இன்ஜினியர் வேலை' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அந்தக் கையெழுத்தைப் பொறுத்தது.

நிரந்தர வேலை என்றால் என்ன

என்.ஐ.சி. 1976-இல் தொடங்கப்பட்டது. இப்போது மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. மாவட்டந்தோறும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் அதற்கு ஓர் அறை உண்டு; பொறுப்பாளர் மாவட்டத் தகவலியல் அலுவலர். நிக்நெட் என்ற அரசு வலையமைப்பு, காணொலி வசதி, மாவட்ட இணையதளம், பட்டா மாறுதலுக்குப் பயன்படும் 'தமிழ்நிலம்' மென்பொருள் எனப் பலவும் இவர்கள் கை பட்டவை. மாநில அரசுக்கென்று இருக்கும் பெருவலையமைப்பு, அதாவது 'ஸ்வான்', தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு கேபிளும் ஒரே கட்டடத்துக்குள் வருவதால், இணைப்பு அறுந்தால் அது யாருடைய கேபிள் என்பதிலேயே பாதி நேரம் போகும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் அதைத்தான்.

என்.ஐ.சி.க்கு ஆள் எடுப்பது ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2020-இல் 495 இடங்கள், 2023-இல் 598 இடங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டு முறையும் தேர்வை நடத்தியது நீலிட் என்ற மத்திய நிறுவனம். 2023-இல் மூன்று வகைப் பதவிகள்: விஞ்ஞானி-பி 71, அறிவியல் அலுவலர் அல்லது பொறியாளர் 196, அறிவியல் மற்றும் தொழில்நுட்ப உதவியாளர் 331. பெயரில் விஞ்ஞானி என்று இருப்பதைப் பார்த்து ராக்கெட் விடப்போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ரௌட்டர், ஃபயர்வால், சர்வர் பார்க்கும் அதிகாரிக்கும் அதே பெயர்தான்.

கல்வித் தகுதியில் நம் பிள்ளைகள் பலர் ஏமாறுகிறார்கள். உதவியாளர் பதவிக்கே பி.இ., பி.டெக்., எம்.எஸ்சி., எம்.சி.ஏ. போன்ற படிப்பு, அதுவும் கணினி, மின்னணுவியல் சார்ந்த பாடத்தில் கேட்டார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ், பி.சி.ஏ., டிப்ளமோ ஆகியவை மட்டும் இருந்தால் போதாது. நெட்வொர்க் நிறுவனங்கள் தரும் சான்றிதழ் நான்கு வைத்திருந்தாலும் பட்டத்துக்கு அது ஈடாகாது. வேலைக்கு வந்த பிறகு அந்த அறிவு உதவும், அவ்வளவுதான். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு 10 ஆண்டும் தளர்வு உண்டு.

தமிழ்நாட்டுக்காரர்கள் வழுக்கி விழும் இடம் சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருப்பது பி.சி. அல்லது எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கு அது செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, வளமான பிரிவினர் இல்லை என்று குறிப்பிடும் மத்தியப் படிவ ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக இ-சேவை வழியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லா சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. மத்தியப் பட்டியல் எதிலும் வராதவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே இருந்து சொத்து நிபந்தனைகளும் பொருந்தினால், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதில் வயதுத் தளர்வு கிடையாது. அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தால் கடைசித் தேதி முந்திக்கொள்ளும். சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2023 தேர்வில் 120 கேள்விகள், மூன்று மணி நேரம். 65 சதவீதம் தொழில்நுட்பப் பாடம், மீதி தர்க்கம், கணக்கு, ஆங்கிலம் போன்ற பொதுப்பகுதி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். உதவியாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு இல்லை. அரசிதழ் பதிவு பெறாத பதவிகளுக்கு நேர்முகத்தை மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதலே எடுத்துவிட்டது. ஆகவே 'இன்டர்வியூவில் சொல்லி வைக்கிறேன், இரண்டு லட்சம் கொடு' என்று யாராவது வந்தால், இல்லாத இன்டர்வியூவுக்குத்தான் அவர் காசு கேட்கிறார்.

கையில் எவ்வளவு வரும்

உதவியாளருக்கு ஊதிய நிலை 6: அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். விஞ்ஞானி-பி என்றால் நிலை 10: 56,100. அதன்மேல் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், திருத்தப்படும் அகவிலைப்படி. 2025 ஜூலைக்கான 58 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் உதவியாளருக்குப் படி மட்டும் 20,532. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்தது: சென்னையில் 30 சதவீதம், கோவை, மதுரை போன்ற ஊர்களில் 20, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் 10. சென்னைக்காரருக்கு மொத்தம் 66,552 வரும். நாகையில் இருப்பவருக்கு 59,472. போக்குவரத்துப்படி தனி. மாதம் 5,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள்.

ஓய்வூதியத்தில் இப்போது முடிவெடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறது. 25 ஆண்டு வேலை பார்த்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி ஓய்வூதியம். குறைந்தது 10 ஆண்டு பார்த்தவருக்கு மாதம் 10,000 உறுதி. ஏற்கெனவே இருக்கும் தேசிய ஓய்வூதிய முறை சந்தையைச் சார்ந்தது; அரசு 14 சதவீதம் போடும், உறுதித் தொகை கிடையாது. புதிதாகச் சேர்கிறவர் 30 நாளுக்குள் விருப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் அடையாள அட்டை, வீடு தேடுவது என்று ஓடும்போது இந்த 30 நாள் போவதே தெரியாது. எது நல்லது என்பது வயதைப் பொறுத்தது. ஐம்பதுக்குள் வேலையை விட்டுத் தனியாருக்குப் போகும் எண்ணம் இருந்தால், 25 ஆண்டு நிபந்தனையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

விஞ்ஞானிப் பதவிக்கு இன்னொரு சலுகை உண்டு. மேலே இடம் காலியானால்தான் பதவி உயர்வு என்ற விதி இவர்களுக்கு இல்லை. விஞ்ஞானி-பி மூன்று ஆண்டு முடித்து, ஆண்டு மதிப்பீடும் நேர்காணலும் சரியாக இருந்தால் 'சி' ஆகலாம். அடுத்து நான்கு ஆண்டில் 'டி', இன்னொரு நான்கில் 'ஈ'. வேறு அரசுத் துறைகளில் ஒரே நாற்காலியில் பதினைந்து ஆண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மறுபக்கம், இந்தியாவில் எங்கே மாற்றினாலும் போக வேண்டும். வெளியில் ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்க 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன் அனுமதி தேவை. நண்பரின் கம்பெனிக்குச் சனி, ஞாயிறு ஃபயர்வால் பார்த்துக் கொடுப்பதும் இதில் அடக்கம்.

ரேக்குக்குப் பின்னால் இருப்பவர்

சரி, மூன்றாமவருக்கு வருவோம். அரசு அலுவலகங்களில் நெட்வொர்க்கைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்களில் கணிசமானவர்கள் இவர்கள்தான். என்.ஐ.சி.யின் துணை நிறுவனமான நிக்சி 1995-இல் தொடங்கப்பட்டது; டெண்டர் வழியாக ஏஜென்சிகளைப் பட்டியலில் சேர்த்து அவர்கள் மூலம் ஆள் எடுக்கும். மாநிலத் துறைகளும் இதே மாதிரி செய்கின்றன. மின் மாவட்ட மேலாளர் ஏஜென்சி ஆள் இல்லை என்றாலும், அவருக்கும் தொகுப்பூதிய ஒப்பந்தம்தான்.

ஏஜென்சி ஊழியருக்கு அரசு ஊழியருக்கான எந்தச் சலுகையும் கிடையாது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வேலை வாங்கும் துறைக்குச் சட்டத்தில் 'முதன்மை வேலையளிப்பவர்' என்று பெயர். ஏஜென்சி சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்தால், அந்தத் துறை கொடுத்துவிட்டு ஏஜென்சியின் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. 'ஏஜென்சியைக் கேளுங்கள், எங்களுக்குத் தெரியாது' என்று அலுவலகத்தில் சொன்னால், எழுத்துப்பூர்வமாக ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பி.எஃப். பிடித்தமும் கண்ணில் வைக்க வேண்டிய ஒன்று. உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளியின் பங்கும் 12 சதவீதம். சில ஏஜென்சிகள் இரண்டையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கும், கேட்டால் 'சி.டி.சி. கணக்கு', அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவில் அதுவும் சேர்த்தி என்பார்கள். முதலாளியின் பங்கை ஊழியர் கூலியிலிருந்து எடுப்பது சட்டத்துக்கு எதிரானது. பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவத்தில்தான் பெரிய ஓட்டை. சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு: நீங்கள் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 22,000 அல்லது 25,000 வாங்கும் நெட்வொர்க் இன்ஜினியர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். அரசு ஊழியர் இல்லை என்பதால் மத்திய அரசின் சுகாதாரத் திட்டமும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் சேர முடியாது. சம்பளம் ஆயிரம் ரூபாய் உயர்ந்ததில் இருந்த ஒரே கதவும் மூடிக்கொள்கிறது! உயர்வு ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அரையாண்டின் நடுவில் வந்தால், அந்த அரையாண்டு முடியும் வரை இ.எஸ்.ஐ. தொடரும். அதற்குள் ஒரு தனியார் குடும்பக் காப்பீடு எடுத்துவிடுவது நல்லது.

பெண்களுக்கு: நிரந்தரப் பணியில் 180 நாள் மகப்பேறு விடுப்பு, அப்புறம் குழந்தை பராமரிப்புக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். ஏஜென்சி வழியாக இருப்பவருக்கும் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஒப்பந்த ஊழியருக்கு இது கிடையாது என்று சொல்லும் மேற்பார்வையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறு.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ரொம்ப நாளாக ஏமாற்றமாகவே இருந்த விஷயம். ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால்தான் என்பது பழைய விதி. டெண்டரோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கைமாறும். ஆள் அதே ஆள், நாற்காலி அதே நாற்காலி, ஏஜென்சி மட்டும் மாறியிருக்கும். ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இப்போது குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடித்தாலே விகிதப்படி பணிக்கொடை உண்டு. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதும் கட்டாயம். உங்கள் கடிதத்தில் தொடக்கத் தேதியும் முடியும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பணிக்கொடை கேட்க அதுதான் ஆதாரம்.

பத்து ஆண்டு இருந்தால் நிரந்தரம் ஆக்கிவிடுவார்களா? இந்தக் கேள்வி வராத டீக்கடைப் பேச்சு இல்லை. 2006-இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வாங்கிக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகத் தூக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த வழக்கு போட்டவர்கள் மத்திய நீர் ஆணைய அலுவலகம் ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களும் தோட்டக்காரரும். துறையே நேரடியாக வேலைக்கு வைத்தவர்கள். நடுவில் ஏஜென்சி இருந்தால் வாதம் கடினமாகும். இதை நம்பி வயது வரம்பைத் தாண்டவிட்டுவிடாதீர்கள்.

தவறு நடந்தால்

உரிமையில் வேறுபாடு இருந்தாலும் பொறுப்பில் அவ்வளவு இல்லை. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும்: இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், கருவிகளில் என்ன நடந்தது என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், கருவிகளின் கடிகாரம் என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் அரசு ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்ப்பவரையும் பிடிக்கும். எனவே சுவிட்ச் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாலும், லாக்கை அழிக்கச் சொன்னாலும் வாய்மொழியாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

ஏஜென்சிக்காரர்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. உங்கள் ஒருவருக்காகத் துறை ஏஜென்சிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பணி ஆணையின் நகல், ஊதிய விகிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு எனத் தனியாக ஒதுக்கிய தொகை என்று தலைப்புவாரியாக எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். மத்திய அலுவலகம் என்றால் அஞ்சல் ஆணை எடுங்கள்; மாநில அலுவலகத்துக்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள். சொந்தப் பெயரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் அப்பாவோ அண்ணியோ கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேள்வி போட அலுவலகத்துக்கு உரிமை இல்லை.