ரோபோடிக்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், பணம் கட்டும் பெற்றோருக்கும்

போன வாரமும் ஒரு பையன் நேர்காணலிலிருந்து அழாத குறையாக எழுந்து போனான். எம்.டெக். முடித்துவிட்டு பி.எச்டி.க்கு விண்ணப்பித்தவன். கையில் ஒரு கத்தை சான்றிதழ், எல்லாம் காசு கட்டிப் படித்த ரோபோடிக்ஸ் கோர்ஸ்கள். இரண்டு சக்கரத்தில் தானாக நிற்கும் ரோபோ ஒன்றும் செய்திருந்தான். ரோபோ சாயும்போது மோட்டாருக்குத் திருத்தக் கட்டளை தரும் பகுதிதான் கன்ட்ரோலர், எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்தான் கெயின். "கன்ட்ரோலரில் இந்த கெயினை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டோம். "இன்னும் நல்லா நிக்கும் சார்" என்றான். "இருபது மடங்காக்கினால்?" பதில் இல்லை. சோம்பேறி இல்லை அவன், ராத்திரி பகலாக உழைத்தவன். அவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிருக்கிறது. சேர்க்கைக்குச் சேர்க்கை இதையே பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் அல்சூர், ராமமூர்த்தி நகர் என்று எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு: "ரோபோடிக்ஸ்னா கோடிங்தானே சார், பையனுக்கு பைத்தான் நல்லா வருது." இல்லைங்க. கோடிங் வேண்டும், ஆனால் அது மட்டும் ரோபோடிக்ஸ் ஆகாது.

"30 டிகிரி திரும்பு" என்று ஒரு வரி எழுதினால் மோட்டார் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். கணினிக்குள் இருக்கும் எண் சொன்ன பேச்சைக் கேட்கும், மோட்டார் கேட்காது. அதற்கு எடை உண்டு, உராய்வு உண்டு, கியர் பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாரை (பேட்டரியில் ஓடும் சின்ன கியர் மோட்டார்) கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், அந்த ஆட்டம் விரலுக்கே தெரியும். மூன்று செல் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் தரும், ஓட ஓட 11 வோல்ட் பக்கம் இறங்கும். எழுதிய கோட் மாறவில்லை, மோட்டாரின் விசை மாறிவிட்டது. "நேத்து நின்னுச்சு சார், இன்னைக்கு விழுது" என்று லேபில் கேட்கும் புலம்பல்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு காரணம் தாமதம். ஒரு மாணவி, ரோபோ சாய்கிற கோணத்தைத் திரையில் பார்க்க ஒரே ஒரு சீரியல் பிரிண்ட் வரி (எண்ணைக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் வரி) சேர்த்தாள். ரோபோ உடனே ஆட ஆரம்பித்து விழுந்தது. சென்சாரை மாற்றினாள், மோட்டாரை மாற்றினாள், இரண்டு நாள் போனது. அந்தக் கம்பியில் 9600 பாட் என்ற வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும். சாய்வை அளந்து மோட்டாரைத் திருத்துவது ஒரு சுற்று, அவள் அனுப்பியது சுற்றுக்கு 25 எழுத்து. 5 மில்லி விநாடியில் முடிய வேண்டிய சுற்று 25 மில்லி விநாடியைத் தாண்டிவிட்டது. எழுதிய கோடில் பிழை எதுவும் இல்லை, தாமதம்தான் கவிழ்த்தது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் நேராக நிறுத்துங்கள், கொஞ்சம் பழகினால் நிற்கும். ஒரு பென்சிலை நிறுத்துங்கள், முடியாது. கண் பார்த்துக் கை அசைய சுமார் 0.2 விநாடி ஆகிறது, பென்சில் அதற்குள் விழுந்துவிடுகிறது. வேகமாகக் கையை ஆட்டினால் மறுபக்கம் விழும். கெயினை அளவுக்கு மீறி ஏற்றினாலும் இப்படித்தான், தாமதத்தோடு சேர்ந்து ரோபோ மிகையாகத் திருத்தி, ஆடி விழும். நேர்காணலில் நாங்கள் கேட்ட கெயின் கேள்விக்கு விடை இதுதான்.

ஓர் இயந்திரம் நிலையாக நிற்குமா, ஆடுமா என்று பார்க்கும் இந்தக் கன்ட்ரோல் கணக்கு புதிது இல்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868-லேயே எழுதியிருக்கிறார், பொறியாளர்கள் நைக்விஸ்ட் 1932-ல், கால்மன் 1960-ல். இன்று ஓடும் ரோபோக்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

நிலவில் பத்திரமாக இறங்க முடியாமல் போன சந்திரயான்-2 நினைவிருக்கும், அங்கும் கன்ட்ரோல் சிக்கல்தான். 2019 செப்டம்பரில் லேண்டர் இறங்கும்போது எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன, பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, இறங்க வேண்டிய இடம் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். இதையெல்லாம் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாகச் சொன்னார். சந்திரயான்-3-ல் அந்த இடத்தை 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என்று விரித்தார்கள், வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி சேர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் அது பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். டிப்ளமோவில் தொடங்கி இயந்திரப் பொறியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பி.எச்டி. முடித்தவர். அவர் பட்டம் எதிலும் ரோபோடிக்ஸ் என்ற பெயர் இல்லை.

அதனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இ.சி.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன், எதிலிருந்தும் வரலாம். லீனியர் அல்ஜீப்ராவையும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனையும் "பாஸ் ஆனா போதும்" என்று தள்ளிவிடாதீர்கள், நாங்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இணைய வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல்.-லில் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. (பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம்) ஆசிரியர்களின் கன்ட்ரோல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வார இறுதி வகுப்புக்கு ஐம்பதாயிரம் கட்டாதீர்கள், தயவுசெய்து.

ஐந்து ரோபோ செய்ய வேண்டாம், ஒன்று போதும். ஒரு மோட்டாரை எடுத்து, வேகத்தை அளந்து, கட்டளை கொடுத்த நொடியிலிருந்து அது எப்படி ஏறி அடங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். கெயினை ஏற்றி அது ஆடத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதைக் கணக்குப் போட்டு ஊகித்துவிட்டு அப்புறம் அளந்தால் இன்னும் நல்லது. (ஆட்டம் பெரிதானால் கை வைத்து நிறுத்தாதீர்கள். சப்ளையை அணைக்க ஒரு சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கட்டும்.)

பெற்றோருக்கு ஒன்று. பி.எச்டி. என்றதும் "இன்னும் அஞ்சு வருஷமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட முடியாதுதான், ஆனால் பிள்ளை உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

எங்கே சேர்த்தாலும் பணம் கட்டும் முன் ஒரு முறை லேபைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே இருக்கும் ரோபோவை இயக்கிக் காட்ட ஒரு மூன்றாம் வருஷ மாணவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆசிரியரே இயக்கிக் காட்ட வந்தால், "பிள்ளைங்க தொட விடுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.