சீவுளி விட்ட வரம்பும் சன்னத்தில் விழுந்த கீறலும்

கொக்குவிலில் என் பெரியப்பாவின் மரவேலைப் பட்டறையில் ஒரு பழைய சீவுளி இருந்தது. எப்போதோ ஆணி பட்டு அதன் தகட்டு விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு பொளிவு. அதால் சீவிய வேப்பம் பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், பலகையின் நீளத்துக்கும் மெல்லிய வரம்பு ஒன்று ஓடுவது தெரியும். பல வருடம் கழித்து ஒரு வீட்டுக் கதவைத் தடவிப் பார்த்து, "இது என்ரை சீவுளி" என்றார் பெரியப்பா.

சுட்ட சன்னத்தை, அதாவது குழாயால் வெளியேறிய குண்டை, வைத்துத் துவக்கை அடையாளம் காண்பதும் இதே வழியில்தான். கடினமான இரும்பு, தன்னிலும் மென்மையான உலோகத்தில் தன் குறையைப் பதித்துவிடுகிறது.

ரைபிள் குழாயின் உட்புறத்தில் தவாளிப்புகள் எனும் நீளப் பள்ளங்கள் திருகு போலச் சுற்றிக்கொண்டு போகும். சன்னம் குழாயின் துளையைவிடச் சற்றுப் பருமன். பின்னால் வெடிக்கும் மருந்து அதை நெரித்துத் தள்ளும்போது, தவாளிப்புகள் பிடித்துச் சுழற்றுகின்றன. பம்பரம் போலச் சுழல்வதால்தான் அது தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகிறது. சீனத் தயாரிப்பான ரி-56 ரைபிளில் தவாளிப்பு நான்கு, வலப்பக்கத் திருகல், 24 சென்ரிமீற்றருக்கு ஒரு முழுச் சுற்று. வினாடிக்கு 700 மீற்றருக்கு மேல் வேகம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு ஏறக்குறைய 3000 சுற்று!

தவாளிப்பின் எண்ணிக்கையும் திருகலின் திசையும் துவக்கின் இனத்தை மட்டுமே சொல்லும். பழைய கோல்ட் ரிவோல்வர் என்றால் ஆறு, இடப்பக்கம். ஸ்மித் அன்ட் வெசன் என்றால் ஐந்து, வலப்பக்கம். நாங்கள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். சுட்டபின் வெளியே விழும் வெற்றுக் கோது ஒன்றைக் கண்டதும் "ரி-56" என்போம், அதே மூச்சில் சுட்டது யாரென்றும் தீர்த்துவிடுவோம். ரி-56 இராணுவத்திடமும் இருந்தது, புலிகள் இயக்கத்திடமும் இருந்தது. அதே ரவை ஏகே-47க்கும் பொருந்தும்.

குறிப்பிட்ட ஒரு துவக்கைப் பிடிக்க வேண்டுமானால் இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டும். தவாளிப்பை வெட்டிய கருவியின் தேய்வு, பிறகு ஏறிய துரு, துடைத்த கம்பியின் உராய்வு எல்லாம் சேர்ந்து சன்னத்தில் நுண்ணிய கீறல்களாக விழுகின்றன. சந்தேகப்படும் துவக்கால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, சிதையாத சன்னம் ஒன்றை எடுப்பார்கள். அதையும் சம்பவ இடத்துச் சன்னத்தையும் இரட்டை நுணுக்குக்காட்டியின் இரு மேடைகளில் வைப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டத்தில், நடுவே மெல்லிய கோடு ஒன்றுடன் தெரியும். ஒன்றை மெல்ல மெல்ல உருட்ட வேண்டும். ஒரே துவக்கென்றால், ஓரிடத்தில் இடப்பக்கக் கீறல்கள் கோட்டைத் தாண்டி வலப்பக்கத்திலும் அப்படியே தொடரும்.

1925இல் நியூயோர்க்கில் இந்தக் கருவியைத் துவக்கு ஆய்வுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கல்வின் கோடார்ட். 1929இல் சிக்காகோவில் சிலர் பொலிஸ் உடுப்பில் இருந்த ஒரு கும்பல் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றது. சந்தேகம் பொலிஸ் மீதே விழுந்தது. கோடார்ட் பொலிசாரின் தொம்சன் இயந்திரத் துவக்குகளைச் சுட்டுப் பார்த்து, இவை அல்ல என்றார். அந்த வருடக் கடைசியில் மிச்சிகனில் ஒரு வீட்டில் அகப்பட்ட இரண்டு தொம்சன்கள் பொருந்தின. பொருந்தவில்லை என்று சொன்ன அந்த முதல் பதிலும் எனக்கு அதேயளவு பெரியது.

ஆனால் "பொருந்துகிறது" என்று முடிவெடுப்பது ஒரு மனிதரின் கண். ஒரே வெட்டுக்கருவியால் அடுத்தடுத்து வெட்டிய குழாய்களில் ஒரே மாதிரிக் கீறல் வரவும் கூடும். இந்த முறை எவ்வளவு தவறும் என்று காட்டப் போதிய ஆய்வுகள் இல்லை என்று 2016இல் அமெரிக்க ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழுவே சொன்னது. ஒருவரின் உயிரோ விடுதலையோ தங்கியிருக்கும் சாட்சியத்தில் இந்தத் தயக்கம் கட்டாயம் வேண்டும்.

வன்னிக் காட்டோரங்களில் மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டும் கட்டுத்துவக்குக் குழாயில் தவாளிப்பே இல்லை. அதிலிருந்து வரும் ஈயக்குண்டு குழாயைக் காட்டிக்கொடுக்காது.

வெற்றுக் கோது வேறு கதை. சுடும்போது ஊசி அதன் அடியில் குழி விழ அடிக்கிறது, கோதைத் தாங்கும் துவக்கின் பின்சுவர் தன் அரத் தடங்களைப் பதிக்கிறது, வெளியே இழுக்கும் கொக்கி விளிம்பைக் கீறுகிறது. ஆனால் உவர்மண்ணில் பல வருடம் கிடந்த இரும்புக் கோதைப் பாருங்கள். ஊசி விழுந்த குழி இன்னும் தெரியும். அதற்குள் இருந்த கீறல்களைத் துரு தின்றிருக்கும்.