கைனசின் முதுகில் ஏறிச் செல்லும் டைனீன்

தசையும் காலும் இல்லாத பூஞ்சை ஓரிரவுக்குள் இவ்வளவு தொலைவு பரவுவது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பூஞ்சை நகர்வதில்லை, வளர்கிறது. அதுவும் பெரும்பாலும் இழையின் நுனியில்தான். நியூரோஸ்போரா கிராஸா என்னும் பூஞ்சையின் இழை மணிக்குச் சில மில்லிமீட்டர் நீளக்கூடியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, செல்சுவருக்கான பொருள்களைச் சுமந்த நுண்பைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 38,000 வீதம் நுனியில் வந்து இணைய வேண்டும் என்று 1970களிலேயே கணக்கிட்டுவிட்டார்கள். இவ்வளவு சரக்கும் தானாக மிதந்து வந்து சேர்ந்துவிடாது.

சுமப்பவை இயக்கப் புரதங்கள். செல்லுக்குள் தண்டவாளம்போல நீளும் இரண்டு வகைப் புரத இழைகள் ஆக்டின் இழையும் நுண்குழலும். மயோசின் ஆக்டின் இழைகளின் மீதும், கைனசினும் டைனீனும் நுண்குழல்களின் மீதும் நடக்கின்றன. ஆற்றல், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறுகளிலிருந்து கிடைக்கிறது, கைனசின் ஒரு மூலக்கூறைச் செலவழித்து 8 நானோமீட்டர் முன்னேறும். நுண்குழலுக்கு நேர்முனை, எதிர்முனை என இரண்டு முனைகள் உண்டு. பெரும்பாலான கைனசின்கள் நேர்முனையை நோக்கியும், டைனீன் எதிர்முனையை நோக்கியும் செல்லும். வளரும் நுனிக்கு அருகில் நேர்முனைகள் பெரும்பாலும் நுனியைப் பார்த்தே இருக்கின்றன.

இதுவரை பாடநூலில் உள்ளதுதான். நான் வியந்து நிற்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. மக்காச்சோளத்தில் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் உஸ்டிலாகோ மேடிஸ் என்னும் பூஞ்சையில், எண்டோசோம்கள் எனப்படும் சிறு பைகள் இழையின் நீளம் முழுவதும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கின்றன. கைனசின்-3 அவற்றை நுனிக்குக் கொண்டுபோக, டைனீன் திருப்பிக் கொண்டுவருகிறது. புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்களும் இவற்றில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. திருப்பிக் கொண்டுவர வேண்டிய டைனீன் நுனியில் காத்திருந்தால்தானே இது நடக்கும்? டைனீனாலோ நுனியை நோக்கி நடக்கவே இயலாது. எனவே எதிர்த்திசையில் செல்லும் கைனசின்-1 அதைச் சுமந்துபோய் அங்கே இறக்கிவிடுகிறது. இப்படி ஒரு நேர்முனையில் சுமார் 55 டைனீன்கள் குவிந்திருப்பதாக அளந்திருக்கிறார்கள். இவற்றில் ஏறத்தாழப் பாதியைப் பிற புரதங்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. எஞ்சியவை, முட்டுச்சந்தில் வண்டிகள் தேங்குவதுபோல, வெறும் நெரிசலால் அங்கு நிற்கின்றன. ஆனால் அந்த நெரிசலுக்கும் பயன் உண்டு: காத்திருக்கும் டைனீன்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தபோது, நுனியை அடைந்த எண்டோசோம்கள் பாதையின் முடிவில் கழன்று விழுந்தன.

இந்தப் போக்குவரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2014இல் தெளிவாயிற்று. பூஞ்சை இழை செடிக்குள் நுழையும்போது முன்னே செல்வது நுனி. செடியின் தற்காப்பை முடக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் இருப்பதோ வெகு பின்னால் உள்ள உட்கருவில். நுனியிலிருந்து உட்கருவுக்குச் செய்தி கொண்டுசெல்பவை இந்த எண்டோசோம்களே. அவற்றின் ஓட்டத்தை நிறுத்தினால் அப்புரதங்களின் உற்பத்தி குன்றிவிடுகிறது, செடியும் விழித்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சிறு விலகலுக்கு இடம் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையில் உட்கருக்கள் இழை நெடுகப் பரவாமல் தேங்கிவிடும் திரிபுகளை 1970களில் ரான் மாரிஸ் என்னும் ஆய்வாளர் தேடத் தொடங்கியபோது, அதனால் மருத்துவத்துக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்டிருக்கலாம். 1995இல் அத்திரிபுகளில் ஒன்றுக்குக் காரணமான மரபணு, மனித மூளை மடிப்புகளின்றி வளரும் குறைபாட்டுக்குக் காரணமான எல்ஐஎஸ்1 மரபணுவை ஒத்திருப்பது தெரியவந்தது. எல்ஐஎஸ்1 டைனீனோடு சேர்ந்து இயங்குகிறது என்ற தடயம் அங்கிருந்து கிடைத்தது. பயனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் நிதி என்னும் விதி மூடநம்பிக்கைக்கு அதிகத் தொலைவில் இல்லை என்பது என் கருத்து.

இயக்கப் புரதங்களைத் தடுத்துப் பூஞ்சையை வீழ்த்தலாமே என்றால், கைனசினும் டைனீனும் நம் செல்களிலும் இருப்பது தடையாகிறது. ஆயினும் நம் செல்களில் இல்லாத ஒரு விந்தை பூஞ்சைகளில் உண்டு: செல்சுவரின் பொருளான கைட்டினை உருவாக்கும் நொதிகளுள் ஒரு வகை, மயோசினின் இயக்கப் பகுதியைத் தன் உடலோடு ஒட்டிப் பிறக்கிறது. உஸ்டிலாகோவில் இதை நீக்கினால் நோய் உண்டாக்கும் திறன் போய்விடுகிறது. வயலுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட எடுத்துக்காட்டு ஃபெனமாக்ரில். கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையின் மயோசின்-1ஐ மட்டும் குறிவைக்கும் மருந்து இது. குறி மிகத் துல்லியமானது; ஆனால் அந்த மயோசினில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து பிடிமானத்தை இழந்துவிடுகிறது.